ஸ்விர்காவின் சிலையை என்ன செய்வது: விடவா, விளக்கவா, மூடவா, இறக்கவா, நகர்த்தவா

லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில், பிலிமோ தெருவும் பமென்கால்னியோ தெருவும் சேரும் பக்கத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. அங்கே 1959 முதல் பெட்ராஸ் ஸ்விர்கா என்ற லிதுவேனிய எழுத்தாளரின் சிலை நின்றது. 2021 நவம்பர் 19 அன்று மாநகராட்சி அதைப் பீடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. விஷயம் முடிந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் 2023 மே மாதம் லிதுவேனியாவிலும், அதே ஆண்டு ஜூலையில் உக்ரைனிலும் சோவியத் ஆட்சியையும் ரஷ்யப் பேரரசையும் போற்றும் இதுபோன்ற சின்னங்களைப் பொது இடத்திலிருந்து அகற்றச் சொல்லும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததால், ஸ்விர்காவை வைத்து வில்னியஸ் போட்ட சண்டையை மற்ற ஊர்களும் போட வேண்டியதாயிற்று. அதனால் அந்த நகரத்தின் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது தேறும், எது தேறாது என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோவியத் எழுத்தாளர் என்றாலே நம்மில் பலருக்கு நினைவு வருவது மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில் கையில் இருந்த சில்லறைக்கே கிடைத்த கெட்டி அட்டைப் புத்தகங்கள்தான். அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. எழுத்தாளர் சிலையை இறக்குகிறார்கள் என்று கேட்டவுடன் 'ஐயோ, புத்தகத்தின் மேல் என்ன கோபம்' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. லிதுவேனியர்களுக்கு அதே சொல் வேறு மாதிரி கேட்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்விர்கா 1909இல் கிளாங்கியை என்ற கிராமத்தில் பிறந்தவர். முப்பது வயதுக்குள் மூன்று நல்ல நாவல்கள் எழுதினார். அமெரிக்காவுக்குப் போய் சவ அடக்கத் தொழிலில் பணக்காரனாகும் லிதுவேனியனைப் பற்றிய 'ஃபிராங்க் குருக்' 1934இல் வந்தது, நிலச் சீர்திருத்தத்தில் கொஞ்சம் மண் கிடைத்த ஏழைக் குடியானவர்களைப் பற்றிய நாவல் அடுத்த ஆண்டு, கிராமத்துக் கைவினைஞர் ஒருவரையும் அவர் பிள்ளைகளையும் பற்றிய மூன்றாவது 1936இல். குழந்தைகளுக்கும் கதை எழுதினார். திறமை இல்லாத ஆளைக் கட்சி தூக்கி வைத்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஆனால் 1940 வந்தது. ஜூன் 15 அன்று செஞ்சேனை நாட்டுக்குள் நுழைந்தது, ஜூலையில் ஒரே ஒரு வேட்பாளர் பட்டியலை வைத்துத் தேர்தல் என்ற பெயரில் ஒன்று நடந்தது, அதில் உருவான 'மக்கள் அவை' சோவியத் ஒன்றியத்தில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க ஒரு தூதுக்குழுவை மாஸ்கோவுக்கு அனுப்பியது, அந்தக் குழுவில் ஸ்விர்கா இருந்தார், கவிஞர் சலோமேயா நேரிஸும் இருந்தார். ஆகஸ்ட் 3 அன்று லிதுவேனியா என்ற சுதந்திர நாடு இல்லாமல் போனது. பத்து மாதம் கழித்து, 1941 ஜூன் நடுவில், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 17,000 பேரைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி சைபீரியாவுக்கும் வதைமுகாம்களுக்கும் அனுப்பினார்கள். போருக்குப் பின் ஸ்விர்கா சோவியத் லிதுவேனிய எழுத்தாளர் சங்கத்தின் தலைவரானார். அவர் தலைவராக இருந்தபோதே, 1946இல், சக எழுத்தாளர் கசிஸ் போருத்தா கைதானார். 1947 மே மாதம், 38 வயதில், ஸ்விர்கா இறந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நகரின் நடுவில், உயரமான பீடத்தில் சிலை வந்தது.

இந்த வரிசையைப் பார்த்த பிறகு எனக்குள் கேள்வியே மாறிவிட்டது. அந்த ஊரில் அவரைவிடப் பெரிய எழுத்தாளர்கள் இருந்தார்கள். 1940இல் அவர் எடுத்த பக்கம்தான் அவரை அந்தப் பீடத்தில் ஏற்றியது. நாவல்கள் அந்தப் பக்கத்துக்கு மரியாதை சேர்க்கப் பயன்பட்டன. சிலையைப் பற்றி முடிவெடுக்கும்போது நாம் நாவல்களுக்குத் தீர்ப்பு எழுதவில்லை.

'சோவியத் காலத்தில் வைத்தது, அதனால் போகட்டும்' என்ற வாதத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அதே வில்னியஸில் கெடிமினாஸ் பெருந்தெருவில் ஷெமைத்தே என்ற எழுத்தாளரின் சிலை இருக்கிறது, 1970 வாக்கில் வைத்தது. கிராமத்துப் பெண்களின் பாட்டை எழுதிய அந்த அம்மா 1921இலேயே இறந்துவிட்டார், அந்தச் சிலையில் யாருக்கும் எந்த வலியும் இல்லை. கவிஞர் ஆதம் மிக்கியேவிச்சின் சிலை 1984இல் வந்தது, அதுவும் சோவியத் காலம்தான். 1987 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாலினும் ஹிட்லரும் போட்ட ரகசிய ஒப்பந்தத்தைக் கண்டித்து நாட்டில் முதல் வெளிப்படையான கூட்டம் கூடியது அந்தச் சிலையின் காலடியில்தான். சோவியத் அரசு வைத்த ஒரு கவிஞனின் சிலை, சோவியத் அரசை எதிர்க்கக் கூடுகிற இடமாக மாறியது. ஆக, எந்த ஆண்டில் வைத்தார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. யாருக்கு வைத்தார்கள், எதற்கு நன்றியாக வைத்தார்கள், இன்று அதன் பக்கத்தில் நடந்து போகிறவருக்கு அது என்ன சொல்கிறது, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அப்படியே விட்டுவிடலாம் என்பது முதல் வழி. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் எனக்கு மதிப்பு இருக்கிற ஒரே வாதம் சிற்பியைப் பற்றியது. சிலையைச் செய்தவர் யுவோசாஸ் மிகேனஸ். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் லிதுவேனியா வைத்த, கன்னத்தில் கை வைத்துத் துயரத்தில் அமர்ந்திருக்கும் கிறிஸ்துவைச் செய்த அதே கைகள். லிதுவேனியச் சிற்பக்கலை என்றால் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2015இல் வில்னியஸின் பச்சைப் பாலத்திலிருந்து நான்கு சோவியத் சிற்பத் தொகுதிகளை இறக்கியபோது அதில் மாணவர்களைக் காட்டிய தொகுதியிலும் அவர் பங்கு இருந்தது. ஆக, ஸ்விர்காவும் போனால் ஆறு ஆண்டுகளுக்குள் அந்த நகரத்தின் தெருக்களிலிருந்து மிகேனஸின் இரண்டு வேலைகள் போகின்றன. கலையை நேசிக்கிற ஒருவர் இதைக் கேட்டு வருந்தினால் அவரைப் பழமைவாதி என்று திட்டுவது தப்பு. ஆனால் இந்த வாதம் சிலையைக் காப்பாற்றத்தான் போதும், சிலையை அதே இடத்தில் அதே உயரத்தில் நிறுத்தி வைக்கப் போதாது. நல்ல சிற்பம் கூரைக்கு அடியிலும் நல்ல சிற்பம்தான். சைபீரியாவிலிருந்து திரும்பி வந்த ஒருவரோ அவர் பேத்தியோ தினமும் பேருந்துக்குப் போகிற வழியில் ஸ்விர்காவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்கு இதில் ஒரு நியாயமும் இல்லை.

இரண்டாவது வழி, விளக்கப் பலகை. படித்தவர்கள் எல்லோருக்கும் இது பிடிக்கும், எனக்கும் ரொம்ப நாள் பிடித்திருந்தது. சிலை இருக்கட்டும், கீழே உண்மையை எழுதி வைப்போம் என்பது. பிராக் நகரம் இதைச் செய்து பார்த்தது. அங்கே பிரச்சினை எழுத்தாளர் இல்லை, மார்ஷல் கோனெவ். பிராக்கை நாஜிகளிடமிருந்து மீட்டவர் என்று 1980இல் வைத்த சிலை. அவரே 1956இல் ஹங்கேரி எழுச்சியை நசுக்கிய படைகளுக்கும் தலைமை தாங்கியவர். 2018இல் இதையெல்லாம் சொல்லும் பலகைகளை மாநகரப் பகுதி நிர்வாகம் வைத்தது. சண்டை குறையவில்லை. ஒரு பக்கம் சிலை மேல் பெயின்ட் ஊற்றினார்கள், இன்னொரு பக்கம் பலகையே அவமதிப்பு என்றார்கள், கடைசியில் 2020 ஏப்ரலில் சிலை இறங்கியது, ரஷ்யா அதற்காக ஒரு குற்ற வழக்கே பதிவு செய்தது. எனக்கு இதில் புரிவது இதுதான்: பல மீட்டர் உயரத்தில் வெண்கலத்தில் சொன்னதை, முழங்கால் உயரத்தில் சின்ன எழுத்தில் மறுக்க முடியாது. சிலையைத் தூரத்திலிருந்தே எல்லோரும் பார்க்கிறார்கள், பலகையைப் படிக்க ஒருவர் நின்று குனிய வேண்டும். ஆள் நடமாட்டம் குறைவான, யாருக்கும் பெரிய காயம் இல்லாத இடத்தில் பலகை போதும். ஸ்விர்கா மாதிரி விஷயத்தில் போதாது.

மூன்றாவது வழி, மூடுவது. இதுதான் இருப்பதிலேயே எனக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன். 2021இல், சிலை இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எக்லே கிரெப்லியவுஸ்கைதே என்ற கலைஞர் ஸ்விர்காவை உயிருள்ள பாசியால் மூடினார். வெண்கலம் மறைந்து, ஆள் உருவத்தில் பச்சைப் பாசி நின்றது. நினைவுகூரக் கூடாது என்பதை மறந்துவிடாதிருப்போம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தால்தான் அந்தப் பெயர் பிடிபடும், ஆனால் பிடிபட்டுவிட்டால் விடாது. சிலையை எடுத்துவிட்டால் 'இப்படி ஒருவரை நாம் அறுபது ஆண்டுகள் நடுத்தெருவில் வைத்திருந்தோம்' என்பதும் சேர்ந்து மறந்துபோகும். அப்படியே விட்டால் மரியாதை தொடரும். பாசி இரண்டையும் தடுக்கிறது. கேட்பாரற்ற கல்லில் காலம் என்ன செய்யுமோ, அதையே மனிதர்கள் முன்கூட்டிச் செய்து காட்டுகிறார்கள். உள்ளே ஆள் இருக்கிறார், ஆனால் அவரை யாரும் வணங்க முடியாது.

சோஃபியாவில் 2011இல் சோவியத் ராணுவ நினைவுச் சின்னத்துப் படைவீரர்களை ராத்திரியோடு ராத்திரியாக அமெரிக்க சித்திரக்கதை நாயகர்களாகப் பெயின்ட் அடித்தார்கள், உலகம் முழுக்கப் படம் போனது. அதுவும் இதே வழிதான், ஆனால் அது ஒரு கைதட்டலுக்கான வேலை. பாசி மெதுவான வேலை, பராமரிக்க வேண்டிய வேலை, தண்ணீர் ஊற்ற வேண்டும், குளிரில் கருகும், வசந்தத்தில் மறுபடி வளர்த்தெடுக்க வேண்டும். அப்படிப் பராமரிப்பதே ஒரு நினைவுச் சடங்காகியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் நடுவில், பள்ளிப் பிள்ளைகள் வந்து பாசியைப் புதுப்பிக்கிற ஒரு நகரத்தை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். இதன் பலவீனமும் எனக்குத் தெரியும். கலைஞர் போனபின் யார் பொறுப்பு? அடுத்த மேயருக்குப் பிடிக்கவில்லை என்றால்? சிலை பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாகப் பட்டியலில் இருந்த ஒன்று, அதன் மேல் ஈரமான எதையாவது வைத்தாலே சட்டக் கேள்வி வரும். இதெல்லாம் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். நேரம்தான் கொடுக்கப்படவில்லை.

நான்காவது, வில்னியஸ் நிஜமாகவே செய்தது: பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, இறக்கி, இடத்தைக் காலியாக விடுவது. அப்போதைய மேயர் ரெமிகியுஸ் ஷிமாஷியுஸ் இதில் உறுதியாக இருந்தார், பச்சைப் பாலத்துச் சிலைகள் போனதும் அவர் காலத்தில்தான். இறக்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆக்கிரமிப்புக்குக் கையெழுத்து வாங்கப் போன குழுவில் ஒருவரை அந்தச் சுதந்திர நாட்டின் தலைநகரம் உயரத்தில் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. ஆனால் காலி இடம் தானாக எதையும் சொல்லாது. இதற்கு அந்த ஊரிலேயே பாடம் இருந்தது. லுக்கிஷ்கேஸ் சதுக்கத்திலிருந்து லெனினை 1991 ஆகஸ்டில் கிரேன் வைத்துத் தூக்கினார்கள், கூட்டம் ஆரவாரம் செய்தது. அப்புறம் அந்த இடத்தில் என்ன வைப்பது என்று கால் நூற்றாண்டுக்கு மேல் சண்டை ஓடியது. எடுப்பதற்கு ஒரு நாள் போதும், அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடிக்க ஒரு தலைமுறை ஆகிறது. ஸ்விர்கா விஷயத்தில் இரண்டாவது வேலையை முதலிலேயே யோசித்திருக்கலாம். சிலை இல்லாத பூங்கா இப்போது வெறும் பூங்கா. இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி அங்கே உட்கார்ந்து காபி குடித்தால், அங்கே எது நின்றது, ஏன் நின்றது, ஏன் போனது என்று அவளிடம் சொல்ல ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

இடித்து உருக்குவது என்ற வழியும் உண்டு, அதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றும் இல்லை. ஆத்திரம் தணியும், சான்று அழியும்.

மிச்சம் இருப்பது நகர்த்துவது. இதில் எங்கே நகர்த்துகிறோம் என்பதுதான் எல்லாம். லிதுவேனியாவின் தெற்கே, த்ருஸ்கினின்கை ஊருக்குப் பக்கத்தில் குருத்தாஸ் பூங்கா இருக்கிறது. காளான் வியாபாரத்தில் சம்பாதித்த விலியுமாஸ் மலினவுஸ்காஸ் என்பவர் 2001இல் திறந்தது. வீதிகளிலிருந்து இறக்கிய லெனின்களும் ஸ்டாலின்களும் அங்கே மரங்களுக்கு நடுவே நிற்கிறார்கள், மிகேனஸ் செய்த, மெல்னிகைத்தே என்ற சோவியத் கெரில்லாப் பெண்ணின் சிலையும் அங்கேதான். கூடவே விலங்குகள், குழந்தைகளுக்கான விளையாட்டு இடம், சாப்பாட்டுக் கடை. சிலைகளை அழியாமல் காத்ததற்கு அவருக்கு நன்றி சொல்லலாம். ஆனால் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிற இடத்தில் ஒரு நாட்டின் காயத்தை வைப்பது எனக்கு ஒட்டவில்லை, அங்கே லெனினும் ஸ்விர்காவும் ஒரே மாதிரி வேடிக்கைப் பொருளாகிவிடுவார்கள். லெனின் லிதுவேனிய மொழியில் ஒரு வரி எழுதியதில்லை. ஸ்விர்கா எழுதினார், நன்றாகவும் எழுதினார். அவரை விளங்கிக்கொள்வது கடினம், அந்தக் கடினத்தைக் காட்டுகிற இடம்தான் வேண்டும்.

அதனால் என் தேர்வு அருங்காட்சியகம், அதுவும் பீடம் இல்லாமல். தரையில் நிறுத்துங்கள், கண்ணுக்கு நேர் கண்ணாக. சிலையின் தீமையில் பாதி அந்த உயரத்தில் இருந்தது என்பது கீழே இறக்கினால்தான் தெரியும். பக்கத்தில் 1934, 1935, 1936 நாவல்களின் முதல் பதிப்புகள், 1940 தூதுக்குழுவின் படம், 1941 ரயில்களில் போனவர்கள் விட்டுச் சென்ற பொருட்களில் ஒன்றிரண்டு, போருத்தாவின் கைது ஆவணம் கிடைத்தால் அதுவும், அப்புறம் கண்டிப்பாக அந்தப் பாசியின் படம். மிகேனஸைப் பற்றி ஒரு பத்தி. தீர்ப்பு எழுத வேண்டாம், வருகிறவர் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்வார். அதே நேரம் பழைய பூங்காவில், பீடம் நின்ற இடத்தின் அளவுக்குத் தரையில் கல் பதித்து, இரண்டே இரண்டு தேதிகள்: சிலை வந்த ஆண்டு, போன நாள். பாசி வளர விட்டால் இன்னும் நல்லது.

இந்தத் தேர்வை அப்படியே எல்லா ஊருக்கும் கொண்டுபோக முடியாது. உக்ரைனில் 2022 முதல் ஊர் ஊராகப் புஷ்கின் சிலைகள் இறங்கின. முன்பு லெனின் சிலைகள் விழுந்ததை 'லெனின் உதிர்வு' என்று சொன்னவர்கள் இதைப் 'புஷ்கின் உதிர்வு' என்றார்கள். புஷ்கின் 1837இல் இறந்தவர், எந்தத் தூதுக்குழுவிலும் போகவில்லை, அவரை ஸ்விர்காவோடு சேர்ப்பது அநியாயம். அங்கே சிலை நின்றது அவர் எழுதியதற்காகவும் இல்லை, செய்ததற்காகவும் இல்லை. இந்த ஊர் எங்களுடையது என்று பேரரசு நட்ட எல்லைக்கல் போல, உக்ரைன் கவிஞர்களுக்கு இல்லாத ஊர்களில்கூட அவருக்குச் சிலை இருந்தது. ஏவுகணை விழுந்துகொண்டிருக்கும்போது அந்த மக்களிடம் போய்ப் பலகை வையுங்கள், பாசி வளருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இறக்கிப் பத்திரமாக ஒரு கிடங்கில் வையுங்கள் என்று மட்டும் கேட்கலாம். மற்றதைப் போர் முடிந்து அவர்களே பேசட்டும். வில்னியஸுக்கு 2021இல் அந்த அவசரம் இல்லை. முப்பது ஆண்டுச் சுதந்திரம் இருந்தது, கலைஞர்கள் இருந்தார்கள், நேரம் இருந்தது. அதனால்தான் அந்த நகரத்திடம் நான் கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

மாஸ்கோ போன குழுவில் இருந்த கவிஞர் நேரிஸின் பெயரும் பின்னர் அதே கேள்வியில் மாட்டியது. ஸ்டாலினைப் பாடிக் கவிதை எழுதியவர், ஆனால் லிதுவேனிய மொழியில் அவரைப் போல இசையோடு எழுதியவர்கள் அதிகம் இல்லை, அவர் வரிகளை மனப்பாடமாகச் சொல்கிற பாட்டிகள் அந்த நாட்டில் நிறையப் பேர். இது ஸ்விர்காவைவிடக் கடினம். பெயர்ப் பலகையைக் கழற்றுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன சொல்லப் போகிறோம் என்று எழுதி வையுங்கள் என்பதுதான் அங்கேயும் என் வேண்டுகோள்.

முடியாததைக் கேட்கிறேன் என்று தோன்றினால், பழைய பூங்காவிலிருந்து அதே பமென்கால்னியோ தெருவில் நடந்து போனால் வென்ஸ்லோவாக்களின் வீடு வரும், அது ஓர் அருங்காட்சியகம். அப்பா அந்தானாஸ் வென்ஸ்லோவா எழுத்தாளர், 1940இல் சோவியத் லிதுவேனியாவின் கல்விப் பொறுப்பை ஏற்றவர், அதன் நாட்டுப் பண்ணுக்கு வரிகள் எழுதியவர். மகன் தோமாஸ் கவிஞர், 1976இல் மனித உரிமைக்காக லிதுவேனிய ஹெல்சிங்கி குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மறு ஆண்டு நாட்டை விட்டுப் போக வேண்டியதாகி, சோவியத் குடியுரிமையையும் இழந்தார். அப்பாவின் மேசையும் மகனின் பெயரும் அந்த ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.